உதைக்கும் மாட்டின் அருகே எங்கே நிற்பது?

கேள்வி: இருபது கறவை மாடுகள் உள்ள பண்ணையை மேற்பார்வை செய்கிறேன். ஊசி போடும்போதும் குளம்பைச் சுத்தம் செய்யும்போதும் பணியாளர்கள் அடிக்கடி உதைபடுகிறார்கள். தடித்த காலணியும் கையுறையும் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: மாடு மிதித்தால் கால்விரல் நொறுங்காமல் காலணி காக்கும், உதையிலிருந்து காக்காது. உதைபட்டவர்கள் அப்போது எங்கே நின்றார்கள் என்பதை முதலில் கேட்டறியுங்கள். நிற்கும் இடத்தை மாற்றாமல், 'கவனமாக இரு' என்று மட்டும் சொல்லி அதே பணியாளரை மீண்டும் அனுப்புவது நியாயமல்ல.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தன்னைச் சுற்றியுள்ள பெரும்பகுதியை அது திரும்பாமலேயே காண்கிறது. நேர் பின்புறம் மட்டும் தெரிவதில்லை. அங்கிருந்து ஒரு கை சட்டென்று தொடும்போது அது உதைப்பது அச்சத்தினால்தானே தவிர முரட்டுத்தனத்தினால் அல்ல. ஆகவே மெல்லக் குரல் கொடுத்தபடி தோள் பக்கமாக அணுகி, முதுகில் கை வைத்து, அந்தக் கையை எடுக்காமலேயே பின்னோக்கி நகர வேண்டும். மாடு பெரும்பாலும் பின்னங்காலை முன்னால் கொண்டுவந்து, பக்கவாட்டில் வளைத்துப் பின்னே வீசும் என்பதால், ஓரிரு அடி தள்ளி நிற்பவர்மீதுதான் முழு வேகமும் விழுகிறது. உடலோடு ஒட்டி நில்லுங்கள், இல்லையேல் கால் எட்டாத தொலைவுக்கு விலகிவிடுங்கள். ஒட்டி நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கவே கூடாது. மாடு சாய்ந்தால் விலா எலும்பு முறியும்.

ஊசியும் குளம்பு வேலையும், மாட்டை அசையாமல் நிறுத்தும் கம்பி அல்லது மர அடைப்புச் சட்டகத்துக்குள் நடப்பதே முறை. உங்கள் செலவில் முதலிடம் அதற்கும், ஆள் மட்டும் நுழைந்து தப்பும் இடைவெளிகளுக்கும், வழுக்காத தரைக்கும் இருக்கட்டும். பொலிகாளையிடமும் கன்று ஈன்ற மாட்டிடமும், எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், ஒருவரைத் தனியே அனுப்பாதீர்கள்.

கையுறை தேவைப்படுவது வேறு காரணத்துக்காக. கருச்சிதைவு நோயான புரூசெல்லோசிஸ், நச்சுக்கொடி வழியாகவும் ஈற்றுக் கழிவுகள் வழியாகவும் மனிதருக்குத் தொற்றும். அவற்றை வெறுங்கையால் தொடக் கூடாது. அந்நோய்க்கான உயிருள்ள தடுப்பூசி மருந்து தவறிக் கையில் குத்தினாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எச்சில் வடித்து, குரல் மாறிக் கத்தும் மாட்டின் வாயில், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி யாரும் கையை நுழைக்க வேண்டாம். அது வெறிநோயாக இருக்கலாம். காயத்தில் எச்சில் பட்டிருந்தால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றித் தடுப்பூசிக்கு அனுப்புங்கள்.