ரெக்ஸ் குட்டி பசியில் சாகிறது, பிழைத்தது ஒட்டவில்லை: என்ன செய்வது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஆர்க்: சர்வைவல் எவால்வ்ட் என்ற டைனோசர் விளையாட்டைக் கணினியில் தனியாக ஆடுகிறேன். ரெக்ஸ் (டைரனோசாரஸ்) ஜோடி ஒன்றைப் பழக்கி, முட்டையும் பொரித்துவிட்டது. பக்கத்திலேயே தீவனத் தொட்டி நிறைய இறைச்சி வைத்திருந்தேன், ஆனாலும் முதல் இரண்டு குட்டிகள் பசியில் செத்துவிட்டன. வேலைக்குப் போகிறவன், நாள்கணக்கில் உட்கார முடியாது என்று வளர்ச்சி வேகத்தை 20 மடங்கு ஆக்கினேன். மூன்றாவது குட்டி பிழைத்து வளர்ந்துவிட்டது. ஆனால் இம்ப்ரின்ட் (வளர்ப்பவரிடம் குட்டிக்கு உள்ள ஒட்டுதல்) 0 சதவீதம், ஒரு தடவைகூட அது கொஞ்சச் சொல்லிக் கேட்கவே இல்லை. நான் என்ன தப்பு செய்தேன்? வளர்ந்தவற்றைச் சந்தோஷமாக வைத்திருக்க வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?"

முதலில் பசி. தொட்டி நிறைய இறைச்சி இருந்தும் குட்டி செத்ததற்குக் காரணம், பிறந்த குட்டிக்குத் தொட்டியில் சாப்பிடத் தெரியாது. ஆர்க்கில் வளர்ச்சி 10 சதவீதத்தைத் தொடும் வரை குட்டி தன் சொந்தப் பையில் இருப்பதை மட்டும்தான் தின்னும். நீங்கள்தான் கையால் எடுத்துப் போட வேண்டும். 10 தாண்டியதும் தொட்டிக்குப் பழகிவிடும், அதன் பிறகு உங்கள் தொட்டி போதும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் குட்டியை இழந்தவர்கள் ஏராளம், அதனால் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

அந்த 10 சதவீதம் எவ்வளவு நேரம்? மாற்றாத வேகத்தில் ரெக்ஸ் முழுதாக வளர 3 நாள் 20 மணி 35 நிமிடம் ஆகும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்பதேகால் மணி நேரம், குட்டி உங்கள் கையை நம்பித்தான் இருக்கும். பிறந்த குட்டியால் அதிக எடை தாங்க முடியாது, நிறையப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணமும் நடக்காது. போதாததற்குப் பச்சை இறைச்சி விலங்கின் பையில் ஏறக்குறைய 40 நிமிடத்தில் கெட்டுப்போகும். வேக வைத்தது இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் பசியை ஆற்றுவதில் பச்சை இறைச்சியில் பாதிதான். எடை இடிக்கும் இடத்தில் பச்சை இறைச்சியே மேல். முட்டை பொரிக்கும் முன்பே கையில் இறைச்சி தயாராக இருக்கட்டும். பொரித்த பிறகு வேட்டைக்குக் கிளம்பினால் திரும்பி வரும்போது குட்டி இருக்காது.

அடுத்து இம்ப்ரின்ட். உங்கள் கேள்வியின் சுவாரசியமான பகுதி இதுதான், பலரும் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

ஆர்க்கில் 'சந்தோஷம்' என்று தனியாக ஒரு மீட்டர் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது இம்ப்ரின்ட். குட்டி குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை உங்களிடம் ஒன்று கேட்கும்: கொஞ்சு, அல்லது கூட நடந்து வா, அல்லது இன்ன தீனி கொடு. கேட்டதைச் செய்தால் ஒட்டுதல் ஏறும். 100 சதவீதம் எட்டினால் உயிர், எடை தாங்கும் திறன், தாக்கும் வலு போன்றவை 20 சதவீதம் கூடுகின்றன. வளர்த்தவரே மேலே ஏறி ஓட்டும்போது தாக்குதல் இன்னும் 30 சதவீதம் ஏறும், வாங்கும் அடி 30 சதவீதம் குறையும். பெரிய சண்டைகளில் ஒரு ரெக்ஸ் உயிரோடு திரும்புமா என்பதை இந்த வித்தியாசமே தீர்மானித்துவிடும்.

குட்டி கேட்கும் இடைவெளி, மாற்றாத அமைப்பில் 8 மணி நேரம். சுமார் 92 மணி நேரம் வளரும் ரெக்ஸ் உங்களிடம் 11 தடவை கேட்க முடியும், ஒவ்வொன்றும் 8, 9 சதவீதம் தரும். இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். வளர்ச்சியை 20 மடங்கு ஆக்கியதும் ரெக்ஸ் சுமார் 4 மணி 38 நிமிடத்தில் பெரிதாகிவிட்டது. கேட்கும் இடைவெளி மட்டும் அதே 8 மணி நேரத்தில் நிற்கிறது. முதல் தடவை கேட்கும் நேரம் வருவதற்குள் குட்டிப் பருவமே முடிந்துவிட்டது. குட்டி உங்களை வெறுக்கவில்லை, அதற்குக் கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஆக, ஒரு கடிகாரத்தை முடுக்கினால் மற்றதையும் கூடவே முடுக்க வேண்டும். வளர்ச்சி வேகம் 'பேபி மெச்சூர் ஸ்பீட் மல்டிப்ளையர்', கேட்கும் இடைவெளி 'பேபி கடில் இன்டர்வல் மல்டிப்ளையர்'. இரண்டையும் பெருக்கினால் 1 வர வேண்டும். வளர்ச்சி 20 என்றால் இடைவெளி 0.05, வளர்ச்சி 10 என்றால் 0.1. இப்படி வைத்தால் பழைய 11 தடவையும் அப்படியே கிடைக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது 20 வேண்டாம், 10 போதும் என்பதே. 10 மடங்கில் ரெக்ஸ் ஒன்பதேகால் மணி நேரத்தில் வளரும், கையால் ஊட்ட வேண்டிய நேரம் 56 நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்கிவிடும். இடைவெளியை 0.1 என்று வைத்தால் 48 நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடும், அது உங்களுக்குத் தொந்தரவாக இருக்கலாம். 0.2 வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒருமுறை, மொத்தம் 5 தடவை, தடவைக்கு 17 சதவீதம். ஐந்தையும் பிடித்தாலும் 86 சதவீதத்தில்தான் நிற்கும், அதனால் 'பேபி இம்ப்ரின்ட் அமவுன்ட் மல்டிப்ளையர்' என்பதை 1.2 ஆக்குங்கள். நூறு நிறைந்துவிடும். இன்னும் வேகமாக்க முடியும்தான், ஆனால் வளர்ப்பே இந்த விளையாட்டின் உயிர். குட்டி பின்னாலேயே தத்தித் தத்தி நடந்து வருவதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டால் அந்த ரெக்ஸ் மீது உங்களுக்கே ஒட்டுதல் வராது.

இரண்டு எச்சரிக்கை. அமைப்புத் திரையில் 'யூஸ் சிங்கிள்பிளேயர் செட்டிங்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டிருந்தால் விளையாட்டு தானாகவே வளர்ச்சி வேகங்களை மாற்றிவிடும், நான் சொன்ன கணக்கு ஒத்துவராது. சோதிப்பது எளிது: 10 மடங்கில் ரெக்ஸ் குட்டி 10 நிமிடத்தில் சுமார் 1.8 சதவீதம் வளர வேண்டும். அதைவிட அதிகம் ஓடினால் அந்த டிக்தான் காரணம், எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது, கேட்கும்போது உடனே செய்யுங்கள். நீங்கள் தாமதிக்கும் நேரத்தில் வளர்ச்சி நிற்காது, கடைசித் தடவை கைநழுவிப் போகும். ரொம்பத் தள்ளிப் போட்டால் ஏறிய ஒட்டுதலே இறங்கவும் செய்யும். தீனி கேட்டால் எது வேண்டுமென்று குட்டியே எழுதிக் காட்டும். கிபில் (விலங்குகளுக்கென்று சமைக்கும் தீனி) வகைகளில் ஒவ்வொன்று, வேக வைத்த இறைச்சி, பழங்கள் எல்லாம் முன்கூட்டியே ஒரு பெட்டியில் இருந்தால் ஓட வேண்டியதில்லை. நடுவில் அவசர வேலை வந்தால் விளையாட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். தனியாக ஆடும்போது நீங்கள் இல்லாத நேரத்தில் பசியும் ஓடாது, வளர்ச்சியும் ஓடாது. சர்வரில் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

அப்புறம் அந்த மூன்றாவது ரெக்ஸ். வளர்ந்த பிறகு இம்ப்ரின்ட் ஏற்ற வழி கிடையாது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். பெற்றோரின் உயிரும் வலுவும்தான் குட்டிக்குப் போகும், இம்ப்ரின்ட் போகாது. நல்ல எண்கள் இருந்தால் அடுத்த தலைமுறைக்குத் தாயாகவோ தகப்பனாகவோ வையுங்கள்.

வளர்ந்தவற்றுக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரே இனத்து ஆணும் பெண்ணும் பக்கத்தில் இருந்தால் தாக்கும் வலுவும் தாங்கும் வலுவும் கூடும். உங்கள் ஜோடி ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது, பிரிக்காதீர்கள். அலோசாரஸ் பழக்கினால் குறைந்தது மூன்றாக வையுங்கள், அவை கூட்டமாக இருந்தால்தான் தலைவன் ஒன்று எழுந்து வலு கூடும். அலைந்து திரிய விடும் கட்டளையை அணைத்துவிடுங்கள், வேலிக்குள் இருப்பவற்றை 'பேசிவ்' (எதையும் தாக்காத) நிலையில் வையுங்கள், இல்லாவிட்டால் வழியில் போகும் எதையாவது துரத்திக்கொண்டு காணாமல் போகும். காவலுக்கு ஒன்றிரண்டை மட்டும் 'நியூட்ரல்' (தாக்கினால் திருப்பித் தாக்கும்) நிலையில் விடலாம். தொட்டியில் சாதாரண இறைச்சியே போடுங்கள், பிரைம் இறைச்சி சீக்கிரம் கெட்டு வீணாகும். சாணம் குவிந்தால் ஒரு சாணி வண்டைப் பழக்கிக்கொள்ளுங்கள். அது சாணத்தை உரமாகவும் எண்ணெயாகவும் மாற்றித் தரும், தோட்டம் போடும்போது நன்றி சொல்வீர்கள்.

ஒருநாள் ஜிகானோடோசாரஸ் என்ற ராட்சத டைனோசரை வளர்க்க ஆசை வரும், எல்லோருக்கும் வருகிறது. அடி விழும்போது அதற்கு வெறி ஏறும், வெறியில் தன் ஆட்கள் என்றும் பாராது. உங்கள் ரெக்ஸ் கொட்டகையிலிருந்து நல்ல தூரத்தில் அதற்குத் தனி வேலி போட்டுவிட்டு அப்புறம் அதைப் பழக்கப் போங்கள்.