கேள்வி பதில்: ரெண்டு கிழமை

(பிரித்தானியக் குடிவரவு நீதிமன்றங்களில் நீண்ட காலம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நாங்கள் முறைப்படி வந்து, உழைத்து, வீடு வாங்கினோம். இப்போது பிரான்சிலிருந்து கடல் தாண்டிப் படகில் வந்து இறங்குகிறவர்களை அப்படியே திருப்பி அனுப்பினால் என்ன?
- வாசகர், ஹரோ

பதில்: நானும் முறைப்படி வந்தவன்தான் ஐயா. 1984இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினேன். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அப்போது விசாவே தேவையில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு நம்மவர்கள் வரத் தொடங்கியதும், 1985 மே மாதம் விசாவைக் கொண்டுவந்தார்கள். பொதுநலவாய நாடுகளில் முதலில் மாட்டியது நாம்தான். என் தம்பி 86இல் புறப்பட்டபோது கதவு சாத்தியாகிவிட்டது. ஏஜென்டுக்குக் காசு கட்டி, நாலு நாடு சுற்றி, வேறு யாருடைய பெயரிலோ வந்து சேர்ந்தான். ஒரே அம்மா, ஒரே வீடு. நான் முறைப்படி, அவன் கள்ளமாக. இன்றைக்கு அவன்தான் என்னைவிடக் கடுமையாகப் படகுக்காரரைத் திட்டுகிறான், அது வேறு கதை.

உக்ரைன், ஹொங்கொங் போன்ற தனித் திட்டங்களை விட்டால், அகதிக்கென்று ஒரு விசா கிடையாது. இந்த மண்ணில் கால் வைத்த பிறகுதான் அடைக்கலம் கேட்டுக் கேஸ் கொடுக்கலாம். கால் வைக்க வழியும் இல்லை. பிறகு படகில் வராமல் எப்படி வருவது?

'அப்படியே திருப்பி அனுப்புவது' நம் மீதே செய்து பார்த்த வைத்தியம். 1987 பெப்ரவரியில், விமானத்தில் ஏற்றிவிடக் கொண்டுபோன தமிழர்கள் ஹீத்ரோ ஓடுதளத்தில் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளாடையோடு நின்றார்கள். அந்தக் குளிரில். மறுநாள் அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது கோபமல்ல, வெட்கம். வேலையிடத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பேப்பரை மடித்துவிட்டேன். அன்றைக்கு லோயர்மார் தடை வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு, சரியான விசா இல்லாமல் ஏற்றிவரும் ஒவ்வொரு ஆளுக்கும் விமானக் கம்பனிக்கு 1,000 பவுண்ட் அபராதம் என்று சட்டம் வந்தது.

அதே வருடம் ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலைக் கட்டி, நம்மவர்களை அதில் அடைத்தார்கள். ஒக்டோபர் பெரும்புயலில் கயிறு அறுந்து கப்பலே தரைதட்டியது. பிறகு ஆட்களை வெளியே விட்டார்கள். 2023இல் போர்ட்லண்டில் 'பிபி ஸ்டொக்ஹோம்' என்ற மிதவையில் அகதிகளை ஏற்றி, சில நாளிலேயே தண்ணீரில் லீஜியோனெல்லா கிருமி என்று இறக்கினார்களே, அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு ஹார்விச்தான் ஞாபகம் வந்தது.

1988 பெப்ரவரியில் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பியே விட்டார்கள். அப்பீல் வேண்டுமானால் ஊரிலிருந்து செய் என்பது அன்றைய சட்டம். போனவர்களில் சிலர் அங்கே பிடிபட்டு அடி வாங்கினார்கள். 1989இல் அப்பீலில் வென்று லண்டனுக்கே திரும்பி வந்தார்கள். இரண்டு விமான டிக்கெட், ஒன்றரை வருடத்துக்கு மேல், முதுகில் தழும்பு. அனுப்பினால் என்ன என்று கேட்டீர்கள்.

கேள்வி: ருவாண்டா திட்டம் ஏன் படுத்துவிட்டது?
- வாசகர், திருச்சி

பதில்: படகில் வந்தவர்களை ஆபிரிக்காவின் ருவாண்டாவுக்கு அனுப்பி, அவர்கள் கேஸை அங்கேயே பார்க்கவைக்கும் திட்டம் அது. 2022 ஏப்ரலில் அன்றைய பிரதமர் பொரிஸ் ஜோன்சன் அறிவித்தார். ஜூன் 14 இரவு விமானம் தயாராக நிற்க, ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலிருந்து தடை வந்தது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ருவாண்டா இவர்களைத் தப்பி வந்த ஊருக்கே அனுப்பிவிடக் கூடும் என்று ஒருமனதாகச் சொன்னது. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? 'ருவாண்டா பாதுகாப்பான நாடு' என்று சட்டமே இயற்றியது! 2024 ஜூலையில் ஸ்டார்மர் பிரதமராக வந்து நிறுத்தினார். செலவு 700 மில்லியன் பவுண்ட் என்று புதிய உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். போனவர்கள் 4 பேர், அதுவும் தாங்களாக விரும்பி.

கேள்வி: அகதிகளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதாமே?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கேஸ் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் தாங்களே சமைத்துச் சாப்பிடும் இடத்தில் இருந்தால், 2024 கணக்கில் ஆளுக்கு வாரம் 49 பவுண்ட் 18 பென்ஸ். சாப்பாடு போடும் ஹோட்டல் என்றால் அதைவிட மிகக் குறைவு. பொதுவாக வேலை செய்யக் கூடாது. எங்கள் ஆட்கள் சனிக்கிழமை மீன் கடையில் விடுகிற காசு இது.

கேள்வி: விசாரணையில் பொய் சொல்பவர்கள் இல்லையா? மொழிபெயர்த்த உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?
- வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: இருக்கிறார்கள். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த ஒரே கதையை மூன்று பேர் சொல்ல, மூன்று தரமும் நானே மொழிபெயர்த்த மாதமும் உண்டு.

ஆனால் இதையும் கேளுங்கள். ஒரு அப்பீலில் கிளிநொச்சிப் பெடியன் ஒருவன். "ரெண்டு கிழமை வைச்சிருந்தவை" என்றான், பிடித்து அடைத்து வைத்திருந்தார்களாம். நான் இரண்டு வாரம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எதிர்த்தரப்பு உடனே எழுந்தது: முதல் நேர்காணலில் இரண்டு நாள் என்றாரே? நிராகரிப்புக் கடிதத்திலும் அதுதான் பெரிய முரண்பாடு. நீதிபதி திருப்பிக் கேட்டார். பெடியன் திரும்பவும் "ரெண்டு கிழமை" என்றான், இந்த முறை அழுகிற குரலில்.

எனக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணம், வன்னியில் கிழமை என்றால் ஏழு நாள். தமிழ்நாட்டில் திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்கிற ஒற்றை நாள். முதலில் மொழிபெயர்த்தவர் அந்தப் பக்கத்தவராக இருந்திருப்பார். அவர் மேல் பிழையில்லை, தன் தமிழில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்காமல் நானாக வாயைத் திறக்க எனக்கு அனுமதியில்லை. நல்லவேளை, நீதிபதி என் பக்கம் திரும்பி, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றார். சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவனுக்கு விசா கிடைத்ததா என்று அடுத்த கேள்வி அனுப்பாதீர்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தீர்ப்பு வராது. அன்றைய கூலிக்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.