பாய்ப்படகில் கயிறுகளைப் பின்னுக்குக் கொண்டுவருவது ஏன்?

பாயை ஏற்றி இறக்கும் கயிறு வழமையாகப் பாய்மரத்தின் அடியிலேயே கட்டப்பட்டிருக்கும். அதை மரத்தடியில் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, சுக்கான் பிடிப்பவரின் கைக்கெட்டும் இடத்தில் கட்டுவதைத்தான் கயிற்றைப் பின்னுக்குக் கொண்டுவருவது என்கிறோம்.

தனியாக ஓட்டும்போது சுக்கானை விட்டால் படகு தன் பாட்டில் திரும்பிவிடும். அதோடு, சின்னப் படகில் ஆள் முன்னுக்குப் போனால் பாரம் இடம் மாறி முன்பக்கம் தாழும். யாழ்ப்பாணத்தில் குருநகர்ப் பக்கம் கடலேரியில், தெற்குப் பக்கமிருந்து வீசும் சோளகக் காற்று திடீரென உரக்கிற நேரத்தில், உட்கார்ந்த இடத்திலிருந்தே பாயை இறக்க முடிவது உயிரைக் காக்கும்.

கிணற்றுக் கப்பியை நினைத்துப் பாருங்கள். வாளி ஆழத்தில் இருந்தாலும் நாம் கட்டுக்கு வெளியே நின்றே இழுக்கிறோம். கப்பி இழுக்கும் திசையை மாற்றித் தருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு கப்பியும் கொஞ்சம் உராய்வைக் கூட்டும். கப்பி சிறிதாகவோ உப்புப் பிடித்தோ இருந்தால் பாய் பாதியில் சிக்கி நிற்கும். அதனால் பாயின் மேல்முனையில் இன்னொரு மெல்லிய கயிறு கட்டி, அதையும் பின்னுக்குக் கொண்டுவாருங்கள். பாய் தானாக விழாவிட்டால் அதைப் பிடித்து இழுத்து இறக்கலாம். என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கயிறுகளுக்கு வேறுவேறு நிறம் இருந்தால் அவசரத்தில் தடுமாற்றம் வராது.

தனி ஆள் என்றால் பாயைக் காற்றுக்கு இழுத்துப் பிடிக்கும் கயிற்றையும் இறுக்கி முடிச்சுப் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, பலத்த காற்று அடித்த கணமே அந்தக் கயிற்றைத் தளர்த்த முடியாவிட்டால் படகு கவிழ்ந்துவிடும்.