அவர் விட்டுப்போன காரை என்ன செய்வது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் ஜேர்மனியில், கைசர்ஸ்லவுட்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வயது 54. என் கணவர் போன வருடம் மாரடைப்பில் திடீரென்று காலமாகிவிட்டார். வாடகைக் கராஜ் ஒன்றில் அவர் பாதி பிரித்துப் போட்ட கார் நிற்கிறது. அதை வைத்துத்தான் வீட்டில் பிரச்சினை.

1969ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்டாங் மாக் 1. 5.8 லீட்டர், வி8 எஞ்சின். பக்கத்தில் ராம்ஸ்டைன் அமெரிக்க விமானப்படைத் தளம் இருப்பதால் இப்படியான கார்கள் இங்கே புதினமில்லை. பட்டாளத்துக்காரர் கொண்டுவருவார்கள், திரும்பும்போது சிலர் விற்றுவிட்டுப் போவார்கள். இவர் அகதியாக வந்த புதிதில் ரோட்டில் கண்டு ஆசைப்பட்டது. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு வாங்கினார். மஸ்டாங் என்ற பெயரின் உரிமை ஜேர்மனியில் க்ருப் கம்பெனியிடம் இருந்ததால் 1979 வரை ஃபோர்ட் இந்தக் காரை இங்கே டி-5 என்றுதான் விற்றதாம்; நம்முடையது அமெரிக்காவிலிருந்தே வந்தது, அதனால்தான் அதில் மஸ்டாங் என்று இருக்கிறது என்று வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்வார்.

முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுப் பெட்டி உக்கிப்போயிருந்தது. மழைத்தண்ணீர் தேங்கி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்குமாம், வெளியே தெரியாதாம். இரண்டு தகட்டைப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் பண்ணியிருப்பதால் ஒவ்வொரு பொட்டையும் துளைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதோடு எல்லாம் இழுபட்டது. சனி ஞாயிறு என்றால் அவர் அங்கேதான்.

பெரியவன் விற்கச் சொல்கிறான். வாடகை மாதாமாதம் போகிறது. வந்து பார்த்த ஒருவர், பிரித்த கார் என்பதால் பாகங்களின் விலைக்குத்தான் எடுப்பேன் என்கிறார். சின்னவனோ பல்கலைக்கழகப் படிப்பை ஒரு அரையாண்டு நிறுத்திவிட்டு அப்பாவின் காரை முடிக்கப் போகிறேன் என்று நிற்கிறான்.

நட்டு, போல்ட் எல்லாம் சின்னச் சின்னப் பைகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அவர் கையால் தமிழில் எழுதியிருக்கிறது: ‘இடது கதவு, மேல் பிணைச்சல்’, ‘நீளமானது, மாற்றிப் போடக் கூடாது’, ‘அரை அங்குலம், 13 மில்லிமீட்டர் ஸ்பானர் வழுக்கும்’. அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. எனக்கென்று ஒரு நாளாவது இவ்வளவு பொறுமையாக ஏதாவது எழுதியிருப்பாரா? செத்துப்போன மனுசனோடு கோபிக்கிறேனே என்று பிறகு நித்திரை வருவதில்லை. எல்லாரும் அவரைப் புகழ்ந்து கதைக்கிறார்கள். இதை யாரிடம் சொல்ல?

- ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

என்னிடம் சொல்லிவிட்டீர்கள். நல்லது. காரைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கோபம்.

இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் திடீர் மரணம் கணவன் மனைவி வழக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. அவர் இருந்திருந்தால் ஏதோ ஒரு சனிக்கிழமை நீங்கள் வெடித்திருப்பீர்கள், அவரும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். கேட்க வேண்டியதைக் கேட்க ஆள் இல்லாததால் கோபம் அந்தப் பைகளின் மேல் போய் விழுகிறது. துக்கத்தில் இருக்கும் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். இது அன்பு குறைந்ததற்கு அடையாளமே இல்லை. அவர் ஏன் அந்தக் கராஜிலேயே கிடந்தார் என்று எனக்குத் தெரியாது, அவர் சார்பில் நான் வாதாடவும் மாட்டேன். ஒரு நாள் தனியாகப் போய், கதவைச் சாத்திவிட்டு, அவரிடம் கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேளுங்கள். திட்டுவதென்றால் திட்டுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், ஆனாலும் செய்யுங்கள். இப்போதே காரை விற்றால் கோபத்தில் விற்றதாக இருக்கும். வைத்துக்கொண்டால் குற்ற உணர்ச்சியில் வைத்ததாக இருக்கும். இரண்டும் பிறகு உறுத்தும்.

ஆட்டைத் திவசம் முடியும்வரை முடிவைத் தள்ளிவையுங்கள். கார் காத்திருக்கும். பதிவில் இல்லாத காருக்கு வரி இல்லை, வாடகை மட்டும்தான். 1969 மஸ்டாங்குக்கு அநேகமாக எல்லாப் பாகங்களையும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், முழு உடற்கூடு உட்பட. எஞ்சின் மட்டும் சும்மா கிடந்தால் இறுகிவிடும். விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஸ்பார்க் பிளக் துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றிவைக்கச் சொல்லுங்கள். பைகளை யாரும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துவையுங்கள். விற்றாலும் வைத்தாலும் அந்த எழுத்து உங்களிடம் இருக்கும். வாங்க வந்தவரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

சின்னவன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அப்பா விட்ட இடத்தில் தொடங்கினால் அப்பா பக்கத்தில் இருப்பார் என்று அவன் மனம் தேடுகிறது. அதைத் தடுக்காதீர்கள். படிப்பை நிறுத்துவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இப்படியான காருக்கு ஓர் அரையாண்டு எங்கே காணும்? ஜேர்மனியில் எச் எழுத்துள்ள பழைய கார் இலக்கத்தகடு கிடைக்க 30 வயது ஆகியிருந்தால் மட்டும் போதாது. அசல் நிலைக்குக் கிட்டத்தில், நல்ல நிலையில் இருக்கிறதென்று பரிசோதகர் சான்று தர வேண்டும். ஒட்டுவேலை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பாதியிலே நிறுத்தி, தகப்பனைக் கைவிட்டேன் என்று அவன் நினைத்துக்கொள்ளும் நிலை வரக் கூடாது. அந்தக் காற்றுப் பெட்டியை மட்டும், வெல்டிங் நன்றாகத் தெரிந்தவரோடு சேர்ந்து, ஓய்வு நாட்களில் முடிக்கட்டும். இந்த வேலையே அவனுக்குப் பிடிக்கிறதா, அப்பாவைத்தான் தேடுகிறானா என்று செய்யும்போது அவனுக்கே தெரியவரும். பிறகு விற்பதென்றாலும் அந்த வேலை முடிந்த காருக்கு மதிப்புக் கூடும்.

பெரியவன் கல்நெஞ்சுக்காரன் இல்லை, கணக்குப் பார்ப்பது அவன் துக்கப்படும் விதம். முடிவெடுக்கும்வரை வாடகையை மூன்று பேரும் பங்குபோடுங்கள். உங்கள் கோபத்தைப் பற்றி இருவரிடமும் ஒரு வரியாவது சொல்லுங்கள். அம்மாவுக்காகத்தான் என்று ஒருவன் விற்கவும் ஒருவன் வைத்திருக்கவும் பார்க்கிறான் என்பது என் ஊகம்.

நித்திரையின்மை தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். ஜேர்மனியில் பல இடங்களில், கடைசிக் காலப் பராமரிப்பு அமைப்புகள் துணையை இழந்தவர்களுக்கான சந்திப்புகளை நடத்துகின்றன. ஒன்றைத் தேடிப் பாருங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் ஒரு சிநேகிதியைக் கூட்டிப் போங்கள். மகன்மார் வேண்டாம், அவர்கள் முன்னால் நீங்கள் இதையெல்லாம் பேசமாட்டீர்கள்.