ஸ்பேம் மெயிலில் இருக்கும் லிங்க்கை பிளாக்லிஸ்ட்டில் தேடிப் பார்த்து வடிகட்டுவது உண்மையிலேயே பயன் தருமா?

சின்ன அலுவலகத்துக்குச் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறீர்கள், அனுப்பும் ஐபியைப் பார்த்துத் தடுக்கும் பட்டியல்களையும் போட்டாயிற்று, அப்படியும் ஸ்பேம் குறையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் தரும், தாராளமாகப் போடுங்கள். ஆனால் டிஎன்எஸ் ரிசால்வரை, அதாவது டொமைன் பெயர்களுக்கான பதிலைத் தேடித் தரும் சேவையை, சரி செய்யாமல் போட்டால் போட்டதும் போடாததும் ஒன்றுதான். நான் பார்த்த சர்வர்களில் அடிக்கடி கண்ட கோளாறு இதுதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பேம் அனுப்புகிறவன் சட்டையை மாற்றுவதுபோல ஐபியை மாற்றுவான். அனுப்புநர் பெயர், தலைப்பு எல்லாமே பொய்யாக இருக்கலாம். லிங்க் விஷயத்தில் மட்டும் அவனால் அப்படி விளையாட முடியாது, ஏனென்றால் அதை அழுத்துகிற ஆள் அவனுடைய கடைக்கோ போலி வங்கிப் பக்கத்துக்கோ போய்ச் சேர்ந்தால்தான் அவனுக்குக் காசு. அந்த டொமைனைக் குறிவைத்துத்தான் 2004-இல் சர்பிள் பட்டியல் வந்தது. அதே ஆண்டு வெளியான ஸ்பேம்அசாசின் 3.0 என்ற ஸ்பேம் வடிகட்டும் மென்பொருளிலேயே அதைக் கேட்டுப் பார்க்கும் வசதி இருந்தது. 2010-இல் ஸ்பேம் தடுப்புப் பட்டியல்கள் வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பு டிபிஎல் என்ற தன் டொமைன் பட்டியலைக் கொண்டுவந்தது.

நடப்பது இவ்வளவுதான்: மெயிலுக்குள் இருக்கும் லிங்க்கிலிருந்து டொமைனை எடுத்து, அதன் பின்னால் 'மல்டி டாட் சர்பிள் டாட் ஆர்க்' என்று ஒட்டி, ஒரு சாதாரண டிஎன்எஸ் கேள்வியாக அனுப்புகிறோம். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் டொமைன் பட்டியலில் இல்லை. இருந்தால் 127.0.0 என்று தொடங்கும் ஓர் எண் வரும், அதன் கடைசிப் பகுதியில்தான் விவரம். சர்பிளில் 8 என்றால் ஃபிஷிங், 16 மால்வேர், 64 ஸ்பேம் வகையறா, 128 யாரோ உடைத்துப் புகுந்த தளம். இவை கூட்டாகவும் வரும், அதாவது 127.0.0.72 வந்தால் 64-ம் 8-ம் சேர்ந்தது.

சரி, ரிசால்வர் விஷயம். உங்கள் சர்வர் 8.8.8.8, 1.1.1.1 மாதிரி பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால், உலகத்தில் பாதிப் பேர் கேட்பதும் அதே வழியாகத்தான் என்பதால் பட்டியல்காரர்கள் அந்தக் கேள்விகளை மறுத்துவிடுவார்கள். மறுப்பும் ஒரு எண்ணாகவே வரும்: இதே மாதிரி இன்னொரு டொமைன் பட்டியலான யூரிபிளில் 127.0.0.1, ஸ்பாம்ஹாஸில் 127.255.255.254. ஸ்பேம்அசாசின் இதைப் புரிந்துகொண்டு மெயில் ஹெடரில் 'யூரிபிள் பிளாக்டு' என்று எழுதிவைக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை, வடிகட்டி மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி 'ஏதாவது பதில் வந்தாலே ஸ்பேம்' என்று வைத்திருந்தால் இன்னும் மோசம், வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர்கூட குப்பைக்குப் போய்விடும். அதனால் அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளைப் போட்டு, கேள்வியை வேறொரு டிஎன்எஸ்ஸுக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டர் எதுவும் வைக்காமல், அது நேரடியாகப் போய்க் கேட்கும்படி செய்யுங்கள். இலவசப் பயன்பாட்டுக்கு வரம்பு உண்டு, வணிக நிறுவனம் என்றால் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

லிங்க்கிலிருந்து டொமைனை எடுப்பதை நீங்களே எழுத வேண்டாம். கடைசி இரண்டு துண்டை எடுத்தால் போதும் என்று தோன்றும், 'கோ டாட் இன்' முகவரி வந்ததும் உண்மையான பெயரை விட்டுவிட்டு 'கோ டாட் இன்' என்பதையே தேடிக்கொண்டிருக்கும். ஸ்பேம்அசாசின், அதே மாதிரி வடிகட்டியான ஆர்ஸ்பேம்டி இரண்டுக்கும் இது தெரியும், பேஸ்64 என்ற குறியீட்டில் பொதிந்த மெயில் உடலையும் அவையே பிரித்துப் பார்த்துக்கொள்ளும்.

பட்டியலில் இருந்தாலே மெயிலைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றால், நான் செய்ய மாட்டேன், மெயிலின் ஸ்பேம் மதிப்பெண்ணில்தான் சேர்ப்பேன். உடைக்கப்பட்ட நல்ல தளங்களும், எல்லாரும் பயன்படுத்தும் லிங்க் சுருக்கும் சேவைகளும் நடுவில் மாட்டும். டிபிஎல் இவற்றுக்கென்று 127.0.1.102 முதலான தனி எண்களையே வைத்திருக்கிறது, அவற்றுக்குக் குறைவாகப் போடுங்கள். லிங்க்கே இல்லாத 'உங்களுக்குச் சொத்து வந்திருக்கிறது' ரக மெயிலையும், படத்துக்குள் க்யூஆர் கோடு வைத்து வருவதையும் இது பிடிக்காது. காலையில் பதிவு செய்து மதியம் தூக்கிப்போடும் புது டொமைன்கள் இன்னொரு தலைவலி, பட்டியலில் ஏறுவதற்குள் மெயில் வந்து இறங்கிவிடும். அதற்கு கிரேலிஸ்டிங் நல்ல துணை. முன்பின் தெரியாத சர்வரை 'அப்புறம் வா' என்று சில நிமிடம் தள்ளிவைத்தால், அது திரும்பி வருவதற்குள் டொமைன் பட்டியலில் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு.

போட்டு முடித்ததும் சர்வரிலிருந்தே டிஎன்எஸ் கேள்வி கேட்கும் டிக் கட்டளையில் 'டிபிஎல்டெஸ்ட் டாட் காம்' என்ற சோதனை டொமைனை டிபிஎல்லில் கேட்டுப் பாருங்கள். 127.0.1.2 வர வேண்டும். 127.255.255.254 வந்தால் இன்னும் பொது டிஎன்எஸ் வழியாகத்தான் போகிறது, எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று சர்வருக்குச் சொல்லும் ரிசால்வ் கான்ஃப் கோப்பைத் திறந்து பாருங்கள்.