துப்பு துலங்காத இரட்டைக் கொலைகள்: ஊகங்களும் தடயங்களும்
(வாசகர் கேள்விகளுக்குத் தடயவியல் மருத்துவரின் பதில்கள்)

கணவனும் மனைவியும் சொந்த வீட்டிலேயே கொலையுண்டு, ஆண்டுகள் கடந்தும் கொலையாளி பிடிபடாத வழக்குகளைப் பற்றி இணையத்தில் உலவும் ஊகங்களை ஒட்டி ஏராளமான கேள்விகள் வந்திருக்கின்றன. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கியிருக்கிறேன். குறிப்பிட்ட ஒருவரைப் பெயர் சொல்லி "இவர்தானே செய்தது?" என்று கேட்டிருந்த கடிதங்களை எடுத்துக்கொள்ளவில்லை.

பூட்டு உடைக்கப்படவில்லை, ஜன்னலும் சேதமில்லை. அப்படியானால் தம்பதிக்குத் தெரிந்தவர்தானே உள்ளே வந்திருக்க வேண்டும்?

அப்படிக் கட்டாயமில்லை. "உடைத்து நுழைந்த அடையாளம் இல்லை" என்பது விசாரணை அதிகாரி முதல் நாள் கண்ணால் கண்டதைச் சொல்லும் வாசகம். வந்தவர் யார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தாழிடாமல் விட்ட பின்கதவு, எப்போதோ யாரிடமோ கொடுத்துத் திரும்ப வாங்காத சாவி, வீட்டார் வருவதற்கு முன்பே நுழைந்து பதுங்கியிருந்த ஆள் என எல்லாமே அந்த வாசகத்துக்குள் அடங்கும். கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் தம்பதியர் பலரைத் தாக்கிய ஜோசப் டி ஆஞ்சலோ, ஆளில்லாத நேரத்தில் முன்கூட்டியே வீட்டுக்குள் சென்று, தாழ்ப்பாள்களைத் தளர்த்தி, கைகளைக் கட்டுவதற்கான கயிறுகளைக்கூட ஒளித்து வைத்துவிட்டுத் திரும்பும் வழக்கம் உள்ளவர். பிறகு இரவில் அவர் வந்தபோது எதையும் உடைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தெரிந்தவர் வட்டத்திலிருந்து விசாரணையைத் தொடங்குவது முறைதான். ஆனால் தொடங்கிய இடத்திலேயே முடிவையும் எழுதிவிடக் கூடாது.

முதலில் "ஒருவர் மற்றவரைக் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார்" என்ற தொனியில் பேசிய காவல்துறை, பிறகு "இரட்டைக் கொலை" என்று மாற்றிச் சொல்கிறது. இது மூடிமறைப்பு இல்லையா?

இக்கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் டொரண்டோ வழக்கு. அபோடெக்ஸ் மருந்து நிறுவனத்தின் நிறுவனர் பாரி ஷெர்மனும் அவருடைய மனைவி ஹனியும் 2017 டிசம்பர் 15 அன்று தம் வீட்டு நீச்சல் குளத்தருகே இறந்து கிடந்தார்கள். உடைத்து நுழைந்த அடையாளம் இல்லை என்றும், வேறு யாரையும் அப்போதைக்குத் தேடவில்லை என்றும் காவல்துறை தொடக்கத்தில் கூறியது. அதை வைத்துக் கணவர் மீதே பழி விழுந்தது. குடும்பத்தினர் தம் செலவில் தனி நிபுணர்களைக் கொண்டு மறு பிரேதப் பரிசோதனை செய்வித்தார்கள். 2018 ஜனவரி 26 அன்று, இருவரும் குறிவைத்துக் கொல்லப்பட்டார்கள் என்று காவல்துறையே அறிவித்தது. வழக்கு இன்றுவரை துலங்கவில்லை.

இவ்விரண்டு முடிவுகளையும் பிரித்தறிவது எவ்வளவு நுட்பமானது என்பது பிணவறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கழுத்து இறுகி இறந்தவரின் உடலில் நாங்கள் முதலில் பார்ப்பது கயிற்றுத் தடத்தின் போக்கை. முழுமையாகத் தூக்கில் தொங்கியவரின் தடம் குரல்வளைக்கு மேலாக, காதை நோக்கிச் சாய்வாக ஏறி, முடிச்சு இருந்த பக்கத்தில் மங்கிப்போகும். பின்னாலிருந்து இறுக்கப்பட்டவரின் தடம் தாழ்வாகவும் கிடையாகவும் கழுத்தைச் சுற்றி வளைந்திருக்கும். பாடநூல் இத்தோடு நின்றுவிடும், நடைமுறை நிற்பதில்லை. உட்கார்ந்த நிலையிலோ சாய்ந்த நிலையிலோ ஒருவர் தூக்கிட்டுக்கொண்டால் தடம் கிட்டத்தட்டக் கிடையாகவே விழும். ஆகவே தடத்தோடு நிறுத்தாமல், கழுத்துத் தசைகளை அடுக்கடுக்காகப் பிரித்து உள்ளே இரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறோம். கைகளில் தற்காப்புக் காயங்களைத் தேடுகிறோம். மணிக்கட்டுகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறோம். மணிக்கட்டில் கட்டிய தடம் இருந்து, கட்டிய பொருள் அறையில் எங்கும் இல்லையென்றால், அதை எடுத்துக்கொண்டு வெளியேறிய மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும். ஒரு வழக்கின் முடிவையே புரட்டிப்போடுவது பல சமயங்களில் இப்படிப்பட்ட இல்லாத பொருள்தான்.

எனவே கருத்து மாறியதை நான் மூடிமறைப்பாகப் பார்க்கவில்லை. என் குறை வேறு: பரிசோதனை முழுதாக முடிவதற்குள் இறந்தவர்மீது பழி விழும்படியான தகவல் வெளியே கசிந்திருக்கவே கூடாது. மறுத்துப் பேச முடியாதவர்மீது விழுந்த சந்தேகம், அதிகாரபூர்வத் திருத்தம் வந்த பிறகும் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பிரேதப் பரிசோதனையில் இருவரில் யார் முதலில் இறந்தார் என்று சொல்லிவிடலாமே? அதை ஏன் வெளியிடுவதில்லை?

பெரும்பாலும் சொல்ல முடியாது. இறந்த உடலின் வெப்பம் மணிக்குச் சராசரியாக ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் குறைவாகத் தணிகிறது. விறைப்பு ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவிப் பிறகு தளர்கிறது. ஆனால் உடற்பருமன், உடை, அறையின் வெப்பம், கிடந்த தரை ஆகியவை இக்கணக்கைக் கலைத்துவிடும். எல்லாம் சாதகமாக அமைந்தாலும் முன்பின் சுமார் மூன்று மணி நேரப் பிழை இருக்கும். பத்து நிமிட இடைவெளியில் இறந்த இருவரை இதை வைத்து வரிசைப்படுத்தப் பார்ப்பது வீண் வேலை. ஒருவரின் இரத்தத் துளி மற்றவரின் காயத்தின்மேல் எப்படிப் படிந்திருக்கிறது என்பதுபோன்ற சான்று கிடைத்தால்தான் வரிசை தெரியவரும்.

இது தெரியாமல் போவது சட்டத்துக்குப் புதிதல்ல. இருவரில் யார் முன்னால் இறந்தார் என்பதைப் பொறுத்துச் சொத்து வேறு வேறு குடும்பக் கிளைக்குப் போகலாம் என்பதால், இங்கிலாந்தின் 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் மூத்தவர் முதலில் இறந்ததாகக் கொள்கிறது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் எதிர்ச்சான்று இல்லாதவரை இளையவர் பிழைத்திருந்ததாகவே கொள்கிறது. அனுமானத்தை நாடும்போது அனுமானம் என்று எழுதிவைத்துக்கொண்டே சட்டம் நாடுகிறது. அந்த நேர்மையை ஊகக் காணொளிகளிலும் எதிர்பார்க்கிறேன்.

பெற்றோர் கொல்லப்பட்ட பிறகு மகன் ஊடகத்தின் முன் அழவே இல்லை. வழக்கறிஞரை வேறு வைத்துக்கொண்டார். இது சந்தேகத்துக்கு இடமளிக்காதா?

இடமளிக்காது. துக்கத்துக்கென்று ஒரு முகம் கிடையாது. முகக்குறியிலிருந்து பொய்யைக் கண்டுபிடிப்பதில் சாதாரண மனிதர்களின் திறமை காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாக மேலானதல்ல என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமை, குற்றமற்றவருக்கே அது அதிகம் தேவைப்படுகிறது.

உண்மை கண்டறியும் கருவிச் சோதனைக்கு உறவினர்கள் மறுப்பது ஏன்?

அக்கருவி பொய்யை அளப்பதில்லை. வியர்வையையும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கிறது. அமெரிக்காவில் பெண்கள் பலரைக் கொன்ற கேரி ரிட்ஜ்வே 1984இல் இச்சோதனையில் தேறினார். 2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டார். மறுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கொலை நடந்த விதத்தை வைத்தே கொலையாளியின் தொழிலையும் குணத்தையும் கணித்துவிடலாம் என்கிறார்களே?

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

1980 மார்ச்சில் கலிபோர்னியாவின் வென்சுரா நகரில் வழக்கறிஞர் லைமன் ஸ்மித்தும் அவருடைய மனைவி சார்லினும் தம் படுக்கையறையில், கணப்பில் எரிப்பதற்காக வைத்திருந்த விறகுக் கட்டையால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் கட்டியிருந்தது திரைச்சீலைக் கயிறு. அதில் ஒரு கட்டு, எல்லோருக்கும் போடத் தெரியாத, வைர முடிச்சு எனப்படும் அலங்கார முடிச்சு. இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு ஊகங்கள் கிளம்பின: கொலையாளி மாலுமி, படகு வைத்திருப்பவர், கைவினைக் கலைஞர். இன்னொரு பக்கம், லைமன் ஸ்மித் நீதிபதிப் பதவிக்குப் பரிசீலிக்கப்பட்டு வந்தவர், பல வணிகங்களில் பணம் போட்டவர் என்பதால் நோக்கம் பணமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வலுத்தது. அவருடைய வணிகக் கூட்டாளி ஒருவர் எண்பதுகளின் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டார். வழக்கு நிற்காமல் கைவிடப்பட்டது. வழக்குப் போனாலும் ஊராரின் சந்தேகம் போகவில்லை.

2018 ஏப்ரலில் டி ஆஞ்சலோ கைதானபோதுதான் கொலையாளி யார் என்பது தெரிந்தது. அவருக்கும் ஸ்மித் தம்பதியின் வணிகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பணம், பதவி, கூட்டாளி என்று அடுக்கிய நோக்கம் அத்தனையும் இறந்தவரின் வாழ்க்கையில் உண்மையாகவே இருந்த விஷயங்கள்தாம். கொலையோடு மட்டும் அவற்றுக்குத் தொடர்பில்லை. வசதியும் செல்வாக்கும் உள்ள எந்தத் தம்பதியின் வாழ்க்கையைத் துருவினாலும் கடன் வாங்கியவர், வழக்குத் தொடுத்தவர், மனஸ்தாபப்பட்ட உறவினர் என நாலு பேர் கிடைப்பார்கள். அப்படிக் கிடைப்பதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

மாலுமி ஊகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டி ஆஞ்சலோ இளமையில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர்! ஊகம் பலித்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த ஊகத்தை வைத்து முப்பத்தெட்டு ஆண்டுகளில் யாராலும் அவரை நெருங்க முடியவில்லை. கடற்படையில் இருந்தவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். முன்பு அவர் காவலராகவும் வேலை பார்த்தவர் என்பது அதைவிட முக்கியமான செய்தி. தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்து "அப்போதே சொன்னோமே" என்பது வேறு, ஒருவரை முன்கூட்டியே அடையாளம் காண்பது வேறு.

மரபணு கிடைத்துவிட்டால் பிறகு என்ன தாமதம்?

டி ஆஞ்சலோவைப் பிடிக்க உதவியது மரபணுதான். ஸ்மித் வழக்கின் பிரேதப் பரிசோதனையில் எடுத்துப் பத்திரமாக உறைநிலையில் வைக்கப்பட்டிருந்த மாதிரியை வம்சாவளித் தரவுத்தளத்தில் (தம் உறவினரைத் தேடுவோர் மரபணு விவரங்களைப் பதிந்துவைக்கும் இடம்) ஒப்பிட்டு, தூரத்து உறவினர்கள் வழியாக அவரை அடைந்தார்கள். 2020இல் 13 கொலைகளை அவர் ஒப்புக்கொண்டார். மாதிரியை ஒழுங்காக எடுத்துவைத்த மருத்துவருக்குத்தான் இதில் முதல் நன்றி போக வேண்டும் என்று தொழில் அபிமானத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆயினும் எந்த மரபணு, எங்கே, எப்படி வந்தது என்ற கேள்வி தீராமல் மரபணு சான்றாகாது. தம்பதியின் வீட்டில் பிள்ளைகள், பணியாளர்கள், விருந்தினர்கள் ஆகியோரின் மரபணு இருப்பது இயல்பு. அந்நியருடையது கிடைத்தாலும் எச்சரிக்கை வேண்டும். 2012இல் கலிபோர்னியாவில் ஒரு தொழிலதிபர் கொல்லப்பட்டபோது அவருடைய நகத்தில் கிடைத்த மரபணுவை வைத்து ஒருவரைச் சிறையில் அடைத்தார்கள். கொலை நடந்த இரவில் அவர் போதையில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார் என்பது பல மாதம் கழித்துத் தெரிந்தது. அவரைத் தூக்கி வந்த அவசர ஊர்தி ஊழியர்களே பிறகு கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். ஜெர்மனியிலோ, 2007இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட இடம் உட்பட, அண்டை நாடுகளையும் சேர்த்துச் சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்து நாடே அவரைத் தேடியது. 2009இல் வெளிவந்த உண்மை: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகள் தயாரான இடத்தில் வேலை செய்த பெண்ணின் மரபணு அது.

காவல்துறை எதையோ மறைக்கிறது என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறதே?

மறைக்கத்தான் செய்கிறது, மறைக்கவும் வேண்டும். பெயர்பெற்ற கொலைகளுக்குச் செய்யாதவர்களே வந்து "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொள்வார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 1947இல் எலிசபெத் ஷார்ட் கொல்லப்பட்ட வழக்கில் அப்படி வந்தவர்கள் ஐம்பது பேருக்கும் மேல். கொலையாளிக்கும் விசாரணையாளருக்கும் மட்டுமே தெரிந்த விவரம் ஒன்றாவது கையில் இல்லையென்றால் பொய் வாக்குமூலத்தைச் சலித்தெடுக்க வழியில்லை. எந்த அறையில் எது இடம் மாறியிருந்தது என்ற கசிந்த தகவலை இணையத்தில் பரப்புவது அந்தச் சல்லடையைக் கிழிப்பதற்குச் சமம்.

பழைய சிசிடிவி காட்சியில் தெரியும் உருவமும் எனக்குத் தெரிந்த ஒருவரும் ஒத்திருப்பதாக நினைக்கிறேன். வெளியே சொல்லலாமா?

விசாரணைக் குழுவிடம் சொல்லுங்கள், வேறெங்கும் சொல்லாதீர்கள். ஷெர்மன் வழக்கில் காவல்துறை 2021 டிசம்பரில் வெளியிட்ட காட்சியில் ஒருவர் பனி படர்ந்த பாதையில் நடந்து போகிறார். முகம் தெரியாது, நடை மட்டும் தெரியும். அதைப் பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் முன்பே இருந்த ஆளையே அந்த நடையில் கண்டார்கள். 2022இல் அமெரிக்காவின் ஐடஹோவில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்களோடு எத்தொடர்பும் இல்லாத பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர்மீது டிக்டாக் காணொளிகள் பழி சுமத்தின. அவர் அவதூறு வழக்குத் தொடுக்க வேண்டியதாயிற்று. கொலையை ஒப்புக்கொண்டு 2025இல் தண்டனை பெற்றவர் முற்றிலும் வேறு ஆள்.

தகவலைத் தரும்போது உங்கள் முடிவைத் தராதீர்கள். எந்தத் தேதி, எந்த நேரம், எங்கே நின்று, எவ்வளவு தூரத்திலிருந்து, என்ன பார்த்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். படமோ காணொளியோ இருந்தால் வெட்டாமல், வெளிச்சம் கூட்டாமல், மூலக் கோப்பாகவே கொடுங்கள்; செயலிகள் வழியாக அனுப்பினால் கோப்பில் பதிந்திருக்கும் நேர விவரம் அழிந்துபோகக் கூடும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதிலே வரவில்லையென்றால் சில மாதம் கழித்து அதையே மறுபடியும் அனுப்பத் தயங்காதீர்கள். இண்டியானாவின் டெல்பை நகரில் 2017இல் இரு சிறுமியர் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே, தாம் அன்று அந்தப் பாதையில் இருந்ததாக ஒருவர் தாமாகவே சொல்லியிருந்தார். அக்குறிப்பு தவறான கோப்பில் சேர்ந்து, ஐந்தாண்டுகளுக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2022இல் பழைய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவரின் கைக்கு வந்தது. பாதையில் இருந்ததாகச் சொன்ன அந்த மனிதர் 2024 நவம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பானது.