‘டக் டக்’ என்கிறது, வண்டி எடுக்கவில்லை: பேட்டரி கேள்வி பதில்

காட்பாடி பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். மழை, பனி மாதங்களில் காலையில் கடை திறக்கும் முன்பே போன் வந்துவிடும். பனிக்காக லைட் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். நிறுத்தும்போது வெயில் வந்திருக்கும், லைட் எரிவதே கண்ணுக்குத் தெரியாது. அப்படியே பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சத்துவாச்சாரி: அண்ணா, ராத்திரி பூரா பார்க்கிங் லைட் எரிந்திருக்கிறது. சாவி திருப்பினால் ‘டக் டக்’ சத்தம் மட்டும்தான். 35 ஆம்பியர் பேட்டரி, வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. புதுசு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கணுமா?

வேண்டாம். பேட்டரி கெடவில்லை, காலியாகியிருக்கிறது, அவ்வளவுதான். கணக்கு எளிது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று என்று ஐந்து பல்பு. ஒன்றுக்கு 5 வாட் வைத்தால் மொத்தம் 25 வாட், அதாவது சுமார் 2 ஆம்பியர். பத்து மணி நேரம் எரிந்தால் 20 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது) போய்விட்டது; 35 ஆம்பியர் பேட்டரி என்று சொல்வதும் இதே கணக்குதான். மிச்சம் இருப்பது டேஷ்போர்டு விளக்கை எரிய வைக்கும், செல்ஃப் மோட்டாரைச் சுற்றாது. அதற்கு ஒரே இழுப்பில் 150 ஆம்பியருக்கு மேல் வேண்டும். இதுவே ஹெட்லைட் என்றால் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். இரண்டு மணி நேரத்திலேயே இந்த நிலைக்கு வந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ‘டக் டக்’ கேட்ட பிறகு இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். மிச்சம் இருப்பதும் போய்விடும். இன்றைக்கே சார்ஜ் போட்டுவிடுங்கள். காலியான பேட்டரியை நாள் கணக்கில் அப்படியே விட்டால் உள்ளே தகட்டில் சல்பேட் இறுகிப்போகும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. நல்ல பேட்டரி பல இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன.

குடியாத்தம்: ஜம்ப் கேபிள் வாங்கி வைத்திருக்கிறேன். எதை எங்கே மாட்டுவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

இதை நிதானமாகப் படியுங்கள். இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது, இரண்டும் ஆஃப். முதலில் சிவப்பு கேபிளின் ஒரு முனை காலியான பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். அடுத்து கருப்பு: ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையைத்தான் எல்லோரும் தப்பாக மாட்டுகிறார்கள். அது காலியான பேட்டரியின் மைனஸுக்குப் போகக் கூடாது. அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும்.

ஏன் என்றால் கடைசி முனை தொடும்போது தீப்பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நானே அவசரப்பட்டு மைனஸிலேயே வைத்தேன். ‘டப்’ என்று ஒரு சத்தம், மூடி பறந்தது. சட்டை முழுக்க ஆசிட் ஓட்டை. முகத்தைத் திருப்பி வைத்திருந்ததால் கண் தப்பியது.

மாட்டிய பிறகு நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அப்புறம் உங்கள் வண்டியை எடுங்கள். எடுத்ததும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள், இன்ஜினில் மாட்டிய கருப்பு முதலில். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கேபிள் ரப்பர் மட்டும்தான் பருமன், உள்ளே செம்பு நூல் மாதிரி இருக்கும். சூடாகுமே தவிர வண்டி எடுக்காது.

பள்ளிகொண்டா டோல் பக்கத்தில் மாட்டிக்கொண்ட அம்மா ஒருவர்: லாரிக்காரர் ஒருவர் தன் பேட்டரியிலிருந்து கொடுக்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷரை வருத்தப்பட வைத்துவிட்டோமோ என்று இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு இன்றைக்கு ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுங்கள் அம்மா. பெரிய லாரியில், பஸ்ஸில் இரண்டு பேட்டரியைச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கி வைத்திருப்பார்கள். அதை 12 வோல்ட் காரில் கொடுத்தால் கம்ப்யூட்டர் பெட்டியே போய்விடும். அதன் விலை பேட்டரியைப் போலப் பல மடங்கு. சின்ன லோடு வண்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனாலும் கேட்டுக்கொண்டு மாட்டுங்கள்.

ஜோலார்பேட்டை: ஏலகிரி மேலே லைட்டை அணைக்காமல் தூங்கிவிட்டோம். இறக்கம்தானே, நியூட்ரலில் உருட்டி கியர் போட்டு எடுத்துவிடலாம் என்றான் நண்பன்.

பதினாலு கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில் இந்த யோசனையா? இன்ஜின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனக்கும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டியே கொள்ளும். தள்ளி எடுப்பதென்றால் சமதளத்தில், சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்சை மிதித்தபடி. வேகம் வந்ததும் கிளட்சை விட்டு, எடுத்த உடனே மறுபடி மிதிக்க வேண்டும். டேஷ்போர்டு விளக்குகூட எரியவில்லை என்றால் தள்ளிப் பயன் இல்லை. பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் வேண்டுமே. ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளவே வேண்டாம்.

சிஎம்சியில் வேலை பார்ப்பவர்: ஜம்ப் செய்து எடுத்தேன். தினமும் காட்பாடியிலிருந்து போய் வருகிறேன். ஓட்ட ஓட்ட ஏறிவிடும் இல்லையா?

அந்த நெரிசலில் ஏறாது சார். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தருவது குறைவு, அதில் ஏசி, ஃபேன், லைட் எடுத்தது போக மிச்சம் என்ன இருக்கும்? ஹைவேயில் முக்கால் மணி நேரம் ஓட்டினால் அடுத்த தடவை எடுக்கிற அளவுக்கு வரும், முழுசாக வராது. ஒரு ராத்திரி ஸ்லோ சார்ஜ் போடுங்கள், 35 ஆம்பியர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் போதும். அரை மணியில் ஏற்றித் தருகிறேன் என்று பூஸ்ட் சார்ஜ் போடும் இடத்தில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘டைனமோ (ஆல்டர்னேட்டரைத்தான் அப்படிச் சொல்வார்கள்) வேலை செய்கிறதா’ என்று பார்க்கும் பழைய வழக்கம் சில மெக்கானிக்குகளிடம் இன்னும் இருக்கிறது. உங்கள் வண்டியில் விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்து 13.8-லிருந்து 14.4 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

பாகாயம்: ரிமோட் வேலை செய்யவில்லை, கதவே திறக்கவில்லை!

ரிமோட்டுக்குள்ளேயே இரும்புச் சாவி இருக்கும், சின்ன பட்டனை அழுத்தினால் வரும். டிரைவர் கதவில் ஓட்டை இருக்கும். சில வண்டியில் கைப்பிடி மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

கம்மவான்பேட்டை, ராணுவத்தில் இருப்பவர்: லீவு முடிந்து போனால் வண்டி மூன்று மாதம் நிற்கிறது. லைட் எதுவும் எரியவில்லை, ஆனாலும் பேட்டரி டவுன்.

உங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர்கள் பல பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். பூட்டி நிற்கும் வண்டியும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை குடிப்பது சகஜம். அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், ஒரு மாதத்தில் 35 ஆம்பியர் பேட்டரி காலி. போகும்போது 10-ம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கடிகாரம் திருப்பி வைக்க வேண்டியிருக்கும், அது பரவாயில்லை. தம்பியை விட்டு வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பெரிதாக ஒன்றும் ஏறாது.

மூன்று மாதம் இல்லை, இரண்டே நாளில் டவுன் ஆகிறது என்றால் கதை வேறு. முதலில் டிக்கி விளக்கைப் பாருங்கள். மூடிய பிறகும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. உள்ளே போனை வீடியோ ஓடவிட்டு வைத்து மூடிப் பாருங்கள், மாட்டிக்கொள்ளும். அடுத்த சந்தேகம் பிறகு மாட்டிய டாஷ் கேமரா, ஜிபிஎஸ்.

ஆற்காடு: பேட்டரிக்கு ஆர்ஓ கேன் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஆசிட்டும் ஊற்றாதீர்கள்.

ராணிப்பேட்டை: நாலு வருட பேட்டரி. லைட் பத்து நிமிடம் எரிந்ததற்கே எடுக்கவில்லை.

அது லைட்டின் குற்றம் இல்லை. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மூன்று, நான்கு வருடம்தான் பேட்டரியின் ஆயுள். முழுசாகச் சார்ஜ் போட்டு லோடு டெஸ்ட் (கரண்ட் இழுக்க வைத்து வோல்ட் நிற்கிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள், வோல்ட் விழுந்தால் மாற்றுங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

வாலாஜா: அப்பாவுக்கு 68 வயது. மாதத்துக்கு ஒரு தடவையாவது லைட்டை மறந்துவிடுகிறார். வண்டியில் பஸ்ஸர் இருந்தது, இப்போது அடிப்பதே இல்லை.

அப்பாவைத் திட்டாதீர்கள், கதவைப் பாருங்கள். டிரைவர் கதவு திறந்ததை வண்டிக்குச் சொல்வது கதவோரத்தில் இருக்கும் சின்ன ஸ்விட்ச்தான். மழைத் தண்ணீர், தூசி ஏறி அது மக்கர் செய்தால் பஸ்ஸர் அடிக்காது. கதவைத் திறக்கும்போது மேல் விளக்கும் எரியவில்லை என்றால் சந்தேகமே இல்லை. பல வண்டிகளில் அது ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றிச் சுத்தம் செய்தே சரியாகிவிடுவதுண்டு, ஆகாவிட்டால் புதுசு மாட்டுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றும்போது வயரைப் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே நழுவினால் எடுப்பது பெரிய தொல்லை.